சான்றிதழ் கோவை தடிப்பு, கடிதம் எழுதத்தான் ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்கள் ஊதிவிடும். ஒரு பக்கம் முழுக்க டிப்ளோமா. அலுவலக முகாமைத்துவம், மனிதவள முகாமைத்துவம், ஆளுமை விருத்தி, பேச்சு ஆங்கிலம், மூன்று மாதத்தில் செயலாளர், ஆறு மாதத்தில் நிர்வாகி. அதற்கு எதிர்ப்பக்கத்தில் வேலைவாய்ப்பு. அலுவலக உதவியாளர் தேவை, வரவேற்பாளர் தேவை, கணக்குப் பகுதிக்கு ஆள் தேவை, கீழே மறக்காமல் 'இரண்டு வருட முன்னனுபவம் அவசியம்'. படித்து முடித்த பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் எங்கிருந்து வரும் என்று படிப்பு விற்கிறவரும் சொல்வதில்லை, ஆள் தேடுகிறவரும் யோசிப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் போதாமல் வெட்டினாலும் சம்பளம், நியமனக் கடிதம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் யாழ். நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் நிர்வாகப் பகுதியைப் பார்க்கிறவள். ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் நானும் இருப்பேன். வருகிற பிள்ளைகள் எல்லாரும் வடிவாக உடுத்தி, நேரத்துக்கு வந்து, கையில் ஒரு தடித்த கோவையோடுதான் வருகிறார்கள். ஒவ்வொரு சான்றிதழும் பிளாஸ்டிக் உறைக்குள். தமிழ்த்தினப் போட்டியில் தொடங்கி, முதலுதவி, கணினி, ஆங்கிலம், தலைமைத்துவப் பட்டறை என்று புரட்டி முடிக்கவே நேரம் போகும். நாங்கள் அதைப் பார்த்து மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்போம். "கொழும்பில் இருந்து 20 பெட்டி ஓடர் பண்ணினோம், லொறியில் 18தான் வந்தது, அதிலும் ஒன்று உடைஞ்சிருக்கு. அனுப்பினவைக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, தமிழோ இங்கிலீசோ உங்கட விருப்பம்." அவ்வளவுதான் பரீட்சை.

வருகிற கடிதம் அனேகமாக இப்படித் தொடங்கும்: 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் அறியத்தருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.' பெட்டி உடைந்ததில் என்ன பெருமகிழ்ச்சி என்று கேட்டால் பிள்ளையும் சிரிக்கும், நாங்களும் சிரிப்போம். ஆனால் கடிதத்தில் எந்த ஓடர், எந்தத் திகதி, இன்வொய்ஸ் இலக்கம் என்ன, லொறி றிசீற்றில் எத்தனை பெட்டி என்று கையெழுத்து வைத்து வாங்கினோம், குறைந்த இரண்டையும் அனுப்பச் சொல்கிறோமா அல்லது பணத்தைக் கழிக்கச் சொல்கிறோமா, எப்போதைக்குள் என்பது ஒன்றும் இருக்காது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். எப்போதாவது ஒரு பிள்ளை பேனையை வைத்துவிட்டு, "மிஸ், இன்வொய்ஸ் நம்பர் தரேல்லையே" என்று கேட்கும். அந்தப் பிள்ளையை நாங்கள் விடுவதில்லை, கோவையில் சான்றிதழ் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் என்பது பரீட்சையில் ஒரு கேள்வி. விலாசம், திகதி, விளிப்பு, 'இங்ஙனம்', கையொப்பம், அதற்கு இத்தனை புள்ளி. அந்தக் கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை, அதனால் பதில் வருகிற மாதிரி எழுதவேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. பிறகு காசு கட்டி டிப்ளோமாவுக்குப் போனால் அங்கே நோட்ஸ். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம். ஹென்றி பயோலின் 14 முகாமைத்துவத் தத்துவங்களை ஒரே மூச்சில் ஒப்புவிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயோல் வகுப்பறையில் இருந்து அதை எழுதவில்லை, பிரான்சில் ஒரு சுரங்கக் கம்பனியில் வேலை செய்து, அதையே நீண்டகாலம் தலைமை தாங்கி நடத்திய ஆள், அந்த அனுபவத்தைத்தான் 1916இல் எழுத்தில் போட்டார். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அவருடைய அனுபவத்தின் தலைப்புகள் மட்டும்.

சரி, ஒரு கந்தோரில் காலையில் தபால் வந்தால் என்ன செய்வது? இதைக் கேட்டால் 'பெரியவரிடம் கொடுப்பேன்' என்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முதல் ஒரு வரிசை இருக்கிறது. பிரித்து, இணைப்பெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, திகதி முத்திரை குத்தி, உள்வரும் தபால் பதிவேட்டில் யாரிடம் இருந்து, எந்தத் திகதியிட்டது, என்ன விடயம், யாருக்குப் போகிறது என்று ஒரு வரி எழுதவேண்டும். காசோலை இருந்தால் அதற்கு வேறு பதிவு. பழைய கடிதம் ஒன்றுக்குப் பதிலாக வந்திருந்தால் அந்தக் கோவையையும் எடுத்து, புதிய கடிதத்தை மேலே கோர்த்துப் பக்க இலக்கம் போட்டு, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பெரியவர் கடிதத்தை வாசித்துவிட்டு 'இது எதைப் பற்றியது' என்று கேட்பார், பிறகு எல்லாரும் அலுமாரியைக் கிண்டவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பின்னேரம் போதும். ஆனால் எந்த டிப்ளோமா வகுப்பிலும் ஒரு திகதி முத்திரையைக் கண்ணால் கண்ட பிள்ளை எங்களிடம் வந்ததில்லை.

அரச கடிதங்களின் தலையில் 'எனது இல.', 'உமது இல.' என்று இரண்டு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரு திணைக்களத்துக்கு ஞாபகமூட்டல் மேல் ஞாபகமூட்டலாக எழுதினார், பதிலே இல்லை. அவர்கள் அனுப்பிய கடிதத்தில் இருந்த இலக்கத்தை ஒருமுறையும் இவர் குறிப்பிடவில்லை. அதனால் அங்கே ஒவ்வொன்றும் புதுக் கடிதமாகப் பதிந்து ஒவ்வொரு மேசைக்குப் போயிருக்கிறது. இலக்கத்தைப் போட்டு, முதற் கடிதத்தின் பிரதியையும் இணைத்து நாலு வரியில் எழுதினோம், பதில் வந்தது. திணைக்களத்தைத் திட்டுவதற்கு வேறு நியாயங்கள் நிறைய உண்டு, இது அதில் ஒன்றல்ல.

கோவை ஒழுங்கு என்றதும் ஜப்பான்காரரின் ஐந்து எஸ் ஞாபகம் வருகிறது. செய்றி, செய்ற்றொன், செய்சோ, செய்கெற்சு, சிற்சுகே என்ற ஐந்து, அதாவது வேண்டாததைக் கழி, ஒழுங்காக வை, துப்புரவாக்கு, ஒரே முறையாக்கு, பழக்கமாக்கு. உற்பத்தித்திறன் போட்டிகளின் புண்ணியத்தில் இப்போது எந்தக் கந்தோருக்குப் போனாலும் கதிரையில் ஒரு இலக்கம், அலுமாரியில் ஒரு இலக்கம், குப்பைத் தொட்டியில் 'குப்பைத் தொட்டி' என்ற ஒட்டு. நல்ல விடயம்தான், தூசு குறைந்திருக்கிறது. ஆனால் போன வருடத்துக் கடிதம் ஒன்றைக் கேட்டால் இலக்கம் போட்ட அலுமாரிக்கு முன்னால் நின்று தலையைச் சொறிகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு அரச அலுவலகத்திடம் தகவல் கேட்டால் 14 வேலைநாட்களுக்குள் தருவோம், தரமாட்டோம் என்ற முடிவையாவது சொல்லவேண்டும். கோவை எங்கே என்று தெரியாத கந்தோர் எதைப் பார்த்து முடிவு சொல்லும்?

எங்கள் அப்பாமார் காலத்தில் இதையெல்லாம் எங்கே படித்தார்கள்? கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்கவேணும் என்று நம்பிய ஊர் இது. எழுதுவினைஞர் பரீட்சை பாஸ் பண்ணி, ரயில் ஏறி, கொழும்பிலும் கண்டியிலும் அனுராதபுரத்திலும் போய் மேசையில் இருந்த ஆட்கள் அவர்கள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் ரியூட்டரியில் படித்திருப்பார்கள், மிச்சமெல்லாம் பிரதம கிளாக்கரின் சிவப்பு மையில் படித்தது. நீங்கள் ஒரு கடிதத்தின் வரைவைக் கொண்டுபோய் வைத்தால் அவர் அதை அனுப்பமாட்டார், திருப்பித் தருவார். இரண்டாம் பந்தியில் ஒரு வட்டம், ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரு கேள்வி, கீழே 'தாபனக் கோவை பார்க்க', அதாவது அரச அலுவலக விதிப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி. மனிதர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார். திருத்திக்கொண்டு போனால் இன்னொரு வட்டம். அந்தக் காலத்தைத் தூக்கிப்பிடிக்க எனக்கு ஆசை இல்லை. அதே கிளாக்கர்மார்தான் ஓய்வூதியம் கேட்டு வந்த கிழவியை 'நாளைக்கு வாங்கோ' என்று வெயிலுக்குள் திருப்பி அனுப்பியதும். ஆனால் எழுதியதைத் திருத்த ஒரு ஆள் இருந்தார்.

இப்போது அந்த ஆள் இல்லை. இதுதான் என் பிரதான முறைப்பாடு, மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். புதிதாக வந்த பிள்ளை ஒரு மின்னஞ்சலை எழுதிக்கொண்டு வரும், முகாமையாளர் பார்ப்பார், சரியில்லை, "பறவாயில்லை, விடுங்கோ, நானே அடிச்சு அனுப்பிறன்" என்பார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நல்ல மனதோடுதான் செய்கிறார், அவருக்கும் நேரமில்லை. ஆனால் பிள்ளைக்குத் தான் எழுதியதில் என்ன பிழை என்று தெரியாது, அனுப்பப்பட்ட கடிதத்தையும் காட்டமாட்டார்கள், அடுத்த கிழமை அதே பிழையோடு அடுத்த கடிதம். ஒரு வருடம் போனபின் 'அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதமும் எழுதத் தெரியாது' என்று பெயர். தேத்தண்ணி வாங்கவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் மட்டும் கூப்பிடுவார்கள். பிள்ளையும் 'எனக்கு ஆங்கிலம் காணாது' என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டிப்ளோமாவுக்குக் காசு கட்டும்.

எங்கள் இடத்தில் நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரைவை நாங்கள் திருத்தி எழுதுவதில்லை, ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கிறோம். 'இதை வாசிக்கிற ஆள் அடுத்ததாக என்ன செய்யவேண்டும்?' 'எந்தத் திகதிக்குள்?' 'மூன்றாம் வரியை எடுத்துவிட்டால் என்ன குறையும்?' முதல் மாதம் பிள்ளைகளின் முகம் வாடும். புள்ளி போட்டுத்தான் பழக்கமே தவிர திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை, நாங்கள் ஏதோ பெயில் பண்ணிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பிறகு பிடிபட்டுவிடும். நேரம் செலவாகிறது என்பது உண்மைதான், எங்கள் பெரியவரும் அதைச் சொல்லிக் குறைபட்டவர்தான், இப்போது தன் கடிதங்களை அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்து எழுதுவிக்கிறார்.

கணினி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாரிடமும் கணினிச் சான்றிதழ் இருக்கிறது. எக்செல்லில் ஒரு பட்டியல் போடச் சொன்னால் நிரல் நிரலாக வடிவாக அடித்து, கோடு போட்டு, நிறம் கொடுத்து, பிறகு மேசை லாச்சியில் இருந்து கல்குலேற்றரை எடுத்துக் கூட்டி, வந்த தொகையைக் கையால் அடித்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு எண் மாறினால் அடித்தொகை அப்படியே நிற்கும். இருநூறு பேருக்கு ஒரே கடிதம் பெயர் மாற்றி அனுப்பவேண்டும் என்றால் இருநூறு தடவை பெயரை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள், வேர்ட்டில் மெயில் மேர்ஜ் என்று ஒன்று இருப்பதை வகுப்பில் ஒருமுறை காட்டினார்களாம், கையால் செய்யவிடவில்லை. திகதியை ஒருவர் 3.4 என்று எழுதுவார், அது மார்ச் நாலா ஏப்ரல் மூன்றா? அரச படிவங்களில் பெரும்பாலும் வருடம், மாதம், நாள் என்று வரும், எங்கள் ஆட்கள் நாளை முதலில் எழுதுவார்கள், கணினி தன் பாட்டுக்கு அமெரிக்காக்காரன் மாதிரி மாதத்தை முதலில் எடுக்கும். ஒரு கந்தோரில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவது என்று முடிவெடுத்தால் பாதிக் கரைச்சல் போய்விடும்.

பிறகு பாமினி. தமிழில் கடிதம் அடிக்கிற கனபேர் இன்றைக்கும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்ந்து ஏதோ மந்திரம் மாதிரி வரும், கைத்தொலைபேசியில் சுத்தமாக வராது, தேடவும் முடியாது. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டில் அடித்தால் ஐந்து வருடத்துக்கு முந்திய கடிதத்தைக்கூட ஆளின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடி எடுக்கலாம். பாமினி விசைப்பலகை கையில் பழகிவிட்டதென்றால் அதே விசை ஒழுங்கில் யூனிகோட் வருகிற மென்பொருள்கள் இருக்கின்றன, விரலை மாற்றத் தேவையில்லை. இதைச் சொல்லிக்கொடுக்காத 'கணினி டிப்ளோமா' எதற்கு?

இன்னொன்று வட்ஸ்அப். யாழ்ப்பாணத்தில் பாதி வியாபாரம் அதில்தான் ஓடுகிறது, அதை நிற்பாட்டச் சொல்லவில்லை. ஆனால் விலை ஒப்புக்கொண்டது, வாடிக்கையாளர் ஓம் என்றது, அடையாள அட்டைப் படம் அனுப்பியது எல்லாம் ஒரு பிள்ளையின் சொந்த போனுக்குள் கிடக்கும். பிள்ளை கனடாவுக்கோ கட்டாருக்கோ வெளிக்கிட்டால் கந்தோரின் ஞாபகமும் அந்த விமானத்திலேயே போய்விடும். ஒப்புக்கொண்டதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாக 'இன்று நாம் கதைத்தபடி' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டால் போதும். மற்றவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளைக் குழுவில் போட்டு விளையாடுவதும் இனிச் சரிவராது, தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது.

கூட்டக் குறிப்பு எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. 'தலைவர் உரையாற்றினார், உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர், தேநீர் வழங்கப்பட்டது' என்று எழுதினால் அது திருவிழாச் செய்தி. என்ன தீர்மானம், யார் செய்வது, எப்போதைக்குள். இந்த மூன்றும் இருந்தால் அரைப் பக்கம் காணும்.

மொழியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஆங்கிலம் என்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு நாளாந்தம் கூடத் தேவைப்படுவது சிங்களத்தில் தொலைபேசியில் நாலு வசனம், ஏனென்றால் லொறிக்காரர், களஞ்சியக்காரர், கொழும்புக் கந்தோரில் போன் எடுக்கிறவர் எல்லாம் சிங்களத்தில்தான் கதைப்பார்கள். அதைவிட முதலில் தமிழில் ஒழுங்காகத் தொலைபேசி எடுக்கப் பழகவேண்டும். ஆறு தரம் அடிக்கவிட்டு எடுத்து "ஆ, ஆர்?" என்று கேட்பது வீட்டுக்குச் சரி. 'வணக்கம், இன்ன நிறுவனம்' என்று தொடங்கி, அழைத்தவரின் பெயர், இலக்கம், விடயம் மூன்றையும் தாளில் எழுதி, "பெரியவர் வந்தவுடன் எடுக்கச் சொல்கிறேன்" என்று சொன்னால், பெரியவர் வந்ததும் அவரிடம் அதைச் சொல்லவும் வேண்டும். கனபேர் சொல்வதோடு சரி.

இப்போது வெட்டவேண்டாம் என்று கேட்ட பகுதி. பிள்ளைகளுக்குத் தொழில்முறை ஒழுங்கு இல்லை, நேரத்துக்கு வருவதில்லை, சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள் என்று முதலாளிமார் குறைப்படுகிறார்கள். உங்கள் ஒழுங்கு எப்படி? எங்கள் அயலில் ஒரு பிள்ளை ஒரு இடத்தில் 'பயிற்சி' என்று சேர்ந்தது. காலை எட்டரைக்குப் போனால் பின்னேரம் ஏழு மணிக்கு வீடு, சனிக்கிழமையும் முழுநாள், நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் என்று கொடுத்தது பஸ் காசுக்குக் கொஞ்சம் கூட. பயிற்சி முடிந்து நிரந்தரமாக்கும் நேரம் வந்தபோது 'இப்ப வெற்றிடம் இல்லை, அறிவிக்கிறம்' என்றார்கள். அடுத்த மாதம் அதே கதிரையில் இன்னொரு பயிலுநர். அந்தப் பிள்ளைக்கு அங்கே வேலை செய்ததாக ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை, ஆக அந்த அனுபவமும் கணக்கில் இல்லை.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இந்த நாட்டில் எழுபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தைக் கழித்து நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேலே போனால் மேலதிக நேரக் கொடுப்பனவு. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, திடீர்த் தேவைக்கு எடுக்கிற அமைய லீவு 7 நாள். முதல் வருடத்து வேலைக்கான வருடாந்த லீவு அடுத்த வருடம் கிடைக்கும், எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து 14, 10, 7, 4 என்று குறையும். வேலையில் சேரும்போதே சம்பளம், பதவி, நிபந்தனைகள் எழுத்தில் தரப்படவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எவ்.) ஊழியரிடம் 8 வீதம், தொழில்கொள்பவரிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எவ்.) தொழில்கொள்பவர் தனியாக 3 வீதம். அந்த 3 வீதத்தைப் பிள்ளையின் சம்பளத்தில் வெட்டுகிற கெட்டிக்காரரும் இருக்கிறார்கள். சேமலாப நிதி நிரந்தரமானவர்களுக்கு மட்டும் என்று ஒரு கதை ஊரில் உலாவுகிறது, அது பொய், தற்காலிகம், பயிலுநர் என்ற பெயரில் சம்பளம் வாங்குகிறவருக்கும் அது உண்டு.

அலுவலக முகாமைத்துவம் படிப்பிக்கிறோம் என்று விளம்பரம் போடுகிற இடங்களில் இந்தச் சட்டத்தை ஒரு நாளாவது படிப்பித்திருந்தால், மாதக் கடைசியில் சேமலாப நிதிப் படிவத்தை ஒரு தரமாவது பிள்ளையின் கையால் நிரப்பவிட்டிருந்தால், அந்தப் பிள்ளை வேலைக்கும் கெட்டிக்காரி, தன்னைக் காப்பாற்றவும் கெட்டிக்காரி. ஒருவேளை அதனால்தான் படிப்பிப்பதில்லையோ என்னவோ.

அரச பக்கமும் இதற்குக் குறைந்ததல்ல. 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் எடுத்தபோது எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றும் போனது. நல்ல வகுப்பில் பட்டம் எடுத்த பிள்ளை. போன கந்தோரில் இருக்கக் கதிரை இல்லை, கொடுக்க வேலை இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வரவுப் பதிவேட்டில், பிந்தி வருகிறவர்களைப் பிரிக்கக் கீறுகிற சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைப்பதற்காகக் காலையில் ஓடுவதும், பிறகு பின்னேரம் வரை போனைப் பார்ப்பதும்தான் பயிற்சி. அந்தப் பிள்ளைக்கு அங்கே கிடைத்த பழக்கத்தை இனி யார் மாற்றுவது?

வழி இல்லாமல் இல்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது, நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் போன்ற அரச இடங்களில் பல கற்கைகளுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் எங்கள் பெற்றோருக்கு இலவசம் என்றால் மதிப்பில்லை, காசு கட்டிப் பளபளப்பான அட்டையில் ஒரு படம் எடுத்தால்தான் படிப்பு. ஏற்கனவே கடையிலோ கந்தோரிலோ வருடக்கணக்காக வேலை செய்து, கையில் ஒரு துண்டுச் சான்றிதழும் இல்லாதவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. வகுப்புக்குப் போகத் தேவையில்லை, செய்த வேலைக்கான ஆதாரத்தைக் காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன்னால் செய்து காட்டி என்.வி.கியூ. எடுக்கலாம். இது தெரியாமல் இருக்கிற அக்காமார் இந்த ஊரில் கனபேர்.

முதலாளிமாருக்கும் ஒன்று. நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, பிள்ளைகளை வேலைத்தளத்திலேயே வைத்துப் பயிற்றுவிக்க ஒப்பந்தம் போட்டு அனுப்புவதற்கென்றே இருக்கிறது. கராச், ஒட்டுவேலை, தச்சு வேலைக்குத்தான் அது என்று இங்கே நினைக்கிறார்கள். உங்கள் கந்தோரிலும் அப்படி ஒரு பிள்ளையை எழுத்து மூலமான நிபந்தனையோடு ஆறு மாதம் வைத்திருந்து பாருங்கள். ஒரு அனுபவசாலியைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள், அவர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் அந்தப் பிள்ளை எழுதியதைத் திருப்பிக் கொடுக்கட்டும். முடிவில், எடுத்தாலும் விட்டாலும், என்னென்ன வேலை செய்தது என்று தெளிவாக ஒரு கடிதம் கொடுங்கள். எல்லாரும் இதைச் செய்தால் 'இரண்டு வருட முன்னனுபவம்' என்று விளம்பரத்தில் போட உங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தொழிற்கல்வி நிலையங்கள் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கவேண்டும், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. நிலையம் பதிவாகியிருப்பது வேறு, அங்கே நடக்கிற குறிப்பிட்ட கற்கைநெறி தராதர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு, இரண்டையும் பெற்றோர் கேட்டுப் பார்க்கவேண்டும். உங்கள் பக்கத்தில் டிப்ளோமா விளம்பரம் கொடுக்கிறவர்களிடம் அந்தப் பதிவு இலக்கத்தையும் வாங்கி விளம்பரத்திலேயே போடுங்கள். வேலைவாய்ப்பு விளம்பரம் கொடுக்கிறவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று ஒரு வரி வாங்குங்கள், 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்பதை எல்லாம் ஏற்காதீர்கள். வரிக்கணக்கில்தானே காசு எடுக்கிறீர்கள், உங்களுக்கும் நட்டமில்லை.

இப்படிக்கு,
ஒரு நிர்வாக அலுவலர்,
கோண்டாவில்.